பங்குனிக்குள் புறப்பட வேண்டும்

டிசம்பர் 4

புது நோட்டு. யார் எடுத்துப் பாதியிலிருந்து படித்தாலும் புரிய வேண்டும். கப்பல் பதிவேடு அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர் சொல்வார். அவர் என்பது என் கணவர் தணிகாசலம். நான் மங்கையர்க்கரசி, மே மாதம் வரை புவியியல் ஆசிரியை.

இன்று ஆலாவைக் கரையேற்றினோம். ஆலா எங்கள் படகு. முப்பத்தொரு அடி நீளம், ஒற்றைப் பாய்மரம். இந்த ஊரில் பல வருடம் இருந்துவிட்டுத் தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு பெல்ஜியக்காரரிடமிருந்து வாங்கியது. இப்போது அரியாங்குப்பம் ஆற்றோரம், கலியமூர்த்தியின் பட்டறை வாசலில், மரக்கட்டைகளின் மேல் நிற்கிறது. தண்ணீரில் ஒல்லியாகத் தெரிந்தது, தரையில் பார்த்தால் அடிவயிறு பெருத்து எருமை மாதிரி இருக்கிறது. அடி முழுக்கச் சிப்பி. நானும் பெர்னதெத்தும் காலை ஏழரைக்குச் சுரண்ட ஆரம்பித்து மதியத்துக்குள் பாதிதான் முடித்தோம்.

பெர்னதெத் எங்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை. பதினேழு வருடம் இருவரும் சேர்ந்து என்.சி.சி. கடற்படைப் பிரிவை நடத்தினோம். மாணவிகளைப் பாய்ப்படகில் காரைக்கால் வரை கூட்டிப் போய்த் திரும்பியிருக்கிறோம். எனக்கு அறுபது, அவளுக்கு ஐம்பத்திரண்டு. அவள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டாள். எனக்காக இல்லை என்கிறாள்.

போக வேண்டிய இடம் போர்ட் பிளேர். நேர் கிழக்கே எழுநூற்றைம்பது கடல் மைல். மாசியில் காற்று தணிந்ததும் புறப்பட வேண்டும், தவறினால் பங்குனிக்குள். சித்திரை பிறந்துவிட்டால் வங்கக் கடலில் எந்த வாரமும் புயல் சின்னம் வரலாம்.

மூன்று பேர் போவதாகத் திட்டம். அவர், நான், பெர்னதெத்.

டிசம்பர் 5

முதுகு. வேறு எழுத எதுவும் இல்லை.

டிசம்பர் 11

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. அடியைச் சுரண்டி முடித்தாயிற்று. சுக்கான் ஆடுகிறது, அதன் அச்சில் தேய்மானம். கலியமூர்த்தி கழற்றிப் பார்த்துவிட்டு, வெண்கலத்தில் புதிதாகக் கடைந்து போட்டுத் தருவதாகச் சொன்னார். வீராம்பட்டினத்துக்காரர், ஃபைபர் படகு கட்டுகிறவர். ரொம்பப் பேச மாட்டார். என்னை டீச்சர் என்றும் அவரை சார் என்றும் அழைப்பார்.

அவர் வேலை வானொலி. இருபது வருடம் சரக்குக் கப்பல்களில் வானொலி அதிகாரியாக இருந்தவர். செயற்கைக்கோள் வந்ததும் அந்த வேலையே உலகத்திலிருந்து போய்விட்டது. அதற்குப் பிறகு நேரு வீதியில் டி.வி., மிக்ஸி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். ஒரு முறை கூடக் கடற்கரைக்கு நடக்க வரமாட்டார். பிடிக்கவில்லை, இத்தனை வருடம் பார்த்தாயிற்று என்பார். படகு வாங்க வேண்டும் என்று நான் சொன்னபோது மட்டும் மறுக்கவில்லை. "வாங்கு. வானொலிய நான் பாத்துக்கறேன்" என்றார். செயற்கைக்கோள் தொலைபேசிக்கு இங்கே எளிதில் அனுமதி கிடைக்காது என்பதால் நெடுந்தூர வானொலிதான் வழி. அமெச்சூர் உரிமத்துக்கு மூவரும் போன வருடமே தேர்வெழுதினோம். அவர் நூற்றுக்கு நூறு, நான் எழுபத்திரண்டு. பெர்னதெத் தன் மதிப்பெண்ணைச் சொல்ல மறுக்கிறாள்.

படகின் அடியில் சேரும் நீரை இறைக்க இரண்டு பம்பு இருக்கிறது. மூன்றாவது வேண்டும் என்கிறார். கனம் கூடும் என்றேன். கூடட்டும் என்றார்.

டிசம்பர் 20

ஒரு வாரமாக மழை. வீட்டிலேயே உட்கார்ந்து கடல் வரைபடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மகள் நித்திலா ஹைதராபாத்திலிருந்து பேசினாள். விமானத்தில் ரெண்டு மணி நேரத்தில் போய்விடலாமே அம்மா என்று வழக்கமான கேள்வி. முப்பத்தாறு வருடம் கரும்பலகையில் வங்கக் கடலை வரைந்திருக்கிறேன். இடது பக்கம் நம் கரை, வலது பக்கம் சாக்பீஸ் நுனியால் குத்திக் குத்தி அந்தமான் தீவுகள். நடுவில் ஒன்றும் வரைய மாட்டேன். நான் பார்க்க நினைப்பது அந்த நடுவைத்தான். அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. "அப்பா என்ன சொல்றார்" என்று கேட்டாள். அவருக்கும் சந்தோஷம்தான் என்றேன்.

ஜனவரி 3

நாள் குறித்தோம். மார்ச் ஒன்று. சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

அடிப்பக்கத்துக்குப் பாசி பிடிக்காத சிவப்புப் பெயிண்ட் இரண்டு பூச்சு அடித்தாயிற்று. பெர்னதெத் முடியெல்லாம் சிவப்பு.

ஜனவரி 15

பொங்கல். பட்டறையில் கலியமூர்த்தியின் மனைவி படகுக்கும் சேர்த்துப் பொங்கல் வைத்தார். முன்முனையில் மஞ்சள், குங்குமம், செவ்வந்தி மாலை. பெல்ஜியத்துப் படகு நல்ல குடும்பத்துப் பெண் மாதிரி ஆகிவிட்டது. நிறையச் சாப்பிட்டேன்.

ஜனவரி 24

ஆலா மீண்டும் தண்ணீரில். சுக்கான் இப்போது ஒற்றை விரலுக்குத் திரும்புகிறது.

மதியம் நீர்மட்டம் ஏறியதும் முகத்துவாரம் தாண்டி முதல் வெள்ளோட்டம். மணல் மேடிட்டுக் கிடக்கும் இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தேன், அடி தட்டவில்லை. வெளியே நல்ல வாடைக்காற்று. பாய் விரிந்து படகு சாய்ந்ததும் பெர்னதெத் பாட ஆரம்பித்தாள். அவள் பாட்டு கேட்கும்படியாக இருக்காது, ஆனாலும் பாடட்டும் என்று விட்டேன். மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை.

அவர் வரவில்லை. பல்வலி.

ஜனவரி 31

இரண்டாவது வெள்ளோட்டம். கடலில் வேலை செய்து களைத்த உடம்பில் ஒரு சுகம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து மூன்று தட்டு இட்லி சாப்பிட்டேன்.

அவர் இன்றும் வரவில்லை. கரையிலேயே இருந்து மின் இணைப்புகளைச் சரிபார்த்தார். பாய்மரத்தைப் பின்பக்கம் இழுத்துப் பிடிக்கும் கம்பியையே ஏரியலாக ஆக்கியிருக்கிறார். மாலை வானொலியைப் போட்டதும் விசாகப்பட்டினத்தில் ஒருவர் அடுத்த அறையில் இருப்பது போலப் பேசினார். மூவரும் கை தட்டினோம். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

பிப்ரவரி 2

ஏரியல் இணைப்பு சரியில்லையாம். எல்லாவற்றையும் பிரித்துப் போட்டிருக்கிறார். இன்னும் ஒரு வாரம் வேண்டுமாம். என் காதுக்கு நன்றாகத்தான் கேட்டது. எனக்கு அந்த வேலை தெரியாது.

பிப்ரவரி 10

தானியங்கிச் சுக்கானைப் பொருத்தியாயிற்று. காற்றின் திசையைப் பிடித்துக்கொண்டு தானே படகை ஓட்டும் கருவி, மின்சாரம் தேவையில்லை. பெர்னதெத் அதற்கு கபாலி என்று பெயர் வைத்திருக்கிறாள். அவள் மாமா பெயராம். அவரும் சொன்ன வேலையை மறுபேச்சில்லாமல் செய்வாராம்.

வானொலி இன்னும் ஒரு வாரம்.

பிப்ரவரி 17

மூன்றாவது வெள்ளோட்டம், கடலூர் வரை போய்த் திரும்பினோம். காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு மாலை நான்குக்குள் வந்துவிட்டோம். கபாலி அற்புதமாக ஓட்டினான்.

அவருக்கு அரசு ஆஸ்பத்திரியில் யாரையோ பார்க்கப் போக வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது முகத்துவாரத்துக் கருங்கல் சுவரின் நுனியில் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மீன் வாங்க வந்ததாகச் சொன்னார். கையில் பை இல்லை. அங்கே மீன் விற்பதும் இல்லை. வெயில்பட்டு முகமெல்லாம் சிவந்திருந்தது.

இரவுக்கு ரசமும் அப்பளமும்.

பிப்ரவரி 25

மார்ச் ஒன்றாம் தேதி முடியாது. வானொலி தயாராகவில்லை. எட்டு என்று மாற்றினேன். காலண்டரில் இரண்டாவது வட்டம்.

பெர்னதெத் நேராகக் கேட்டாள், அண்ணனுக்கு வர விருப்பம் இருக்கிறதா என்று. அவருக்கு எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று பதில் சொன்னேன். அரிசி, பருப்பு, அவல், கருவாடு, ஊறுகாய் எல்லாவற்றையும் டப்பாக்களில் அடைத்து ஒட்டு நாடா சுற்றினோம். நூற்று ஐம்பது லிட்டர் குடிநீர். துறைமுக அலுவலகத்து அனுமதிக் கடிதமும் வந்துவிட்டது.

மார்ச் 4

இன்று கலியமூர்த்தி என்னைத் தனியே கூப்பிட்டார். சொல்லலாமா வேண்டாமா என்று கயிற்றைச் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்:

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. சார் வேலைய முடிச்சிடுறாரு. முடிச்சிட்டு, கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்காரு. அப்புறம் அவரே பிரிச்சிப் போட்டுடுறாரு. நாலு தரம் பாத்துட்டேன்."

சரி, நான் கேட்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து துணி மடித்தேன். வத்தக்குழம்பு வைத்தேன். அவர் சாப்பிட்டுவிட்டுக் குழம்பு நன்றாக இருக்கிறது என்றார். நான் கேட்கவில்லை.

மார்ச் 5

கேட்டேன்.

காலையில் அவரோடு நானும் படகுக்குப் போனேன். பெர்னதெத்தை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் உள்ளே வானொலிக்கு முன்னால் உட்கார்ந்து பற்றவைக்கும் கருவியைச் சூடேற்றினார். நான் படியில் உட்கார்ந்துகொண்டேன். இணைப்பு முடிந்துதான் இருந்தது, எனக்கே தெரிந்தது. அவர் அதன் மேல் கருவியை வைக்கப் போனபோது, வேண்டாம் என்றேன்.

"உங்களுக்கு வர இஷ்டமில்லன்னா சொல்லிட வேண்டியதுதானே. நானும் பெர்னதெத்தும் போய்க்கறோம்."

"அதில்ல, அரசி."

"வேற என்ன? நான் போறதே பிடிக்கலையா?"

கருவியைத் தாங்கியில் வைத்து, மின்சாரத்தை அணைத்தார். அது ஆறியதும் ஆரம்பித்தார். அவர் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதி வைக்கிறேன்.

எங்களுக்குக் கல்யாணமான அடுத்த வருடம். அவருக்கு இருபத்தேழு வயது. கப்பல் கோவாவிலிருந்து இரும்புத் தாது ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. போர்ச்சுகலுக்கு மேற்கே, நவம்பர் மாதம், மோசமான கடல். பிற்பகல் மூன்று மணிக்கு அபாய அலைவரிசையில் ஒரு பெண் குரல். திக்கித் திக்கி ஆங்கிலம். சின்னப் பாய்ப்படகு, இரண்டு பேர், தண்ணீர் உள்ளே வருகிறது. படகின் பெயரைச் சொன்னாள், என்ன உடைந்தது என்று சொன்னாள், கூட இருப்பவருக்கு அடிபட்டிருப்பதைச் சொன்னாள். கடைசியில்தான் இடத்தைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"அட்சரேகைய சொல்லிட்டா. தெளிவா கேட்டுது, எழுதிக்கிட்டேன். தீர்க்கரேகை சொல்லும்போது ஒரே இரைச்சல். திரும்ப சொல்லச் சொல்லியிருக்கணும். நான் என்ன பண்ணேன், கொஞ்சம் காத்திருங்க, கேப்டன கூப்பிடுறேன்னு சொல்லிட்டு எந்திரிச்சிப் போனேன். ரெண்டு நிமிஷம் இருக்கும். வந்து கூப்பிடுறேன், கூப்பிடுறேன். அவ இல்ல."

கேப்டன் நல்லவர். கப்பலைத் திருப்பினார். அந்த ஒரே அட்சரேகையில் கிழக்கும் மேற்குமாகப் பதினாலு மணி நேரம் தேடினார்கள். ஒரு மிதவை கூடக் கிடைக்கவில்லை. வேறு கப்பல் காப்பாற்றியிருக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். எந்தத் துறைமுகத்தில் விசாரித்தும் தகவல் இல்லை.

பிழைத்திருக்கலாம் என்று நானும் சொன்னேன். இருக்கலாம் என்றார். எத்தனையோ தடவை அவரே அவருக்குச் சொல்லிக்கொண்ட வார்த்தை என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

படகு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. அந்த நவம்பருக்குப் பிறகு அவர் ஜனவரியில் விடுப்பில் வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு முதல் நீண்ட விடுப்பு. நாற்பது நாள். ஒரு வார்த்தை பேச மாட்டார். மாடியில் போய் நின்றுகொள்வார். பெண் பார்க்க வந்தபோது சரியாகப் பார்த்திருக்க மாட்டார், இப்போதுதான் என் நிறத்தையும் முகத்தையும் நன்றாகப் பார்த்திருக்கிறார், வருத்தப்படுகிறார் என்று நான் முடிவு செய்தேன். எனக்கு இருபத்திநான்கு வயது. யாரிடம் கேட்பது? அதற்குப் பிறகு அவர் அன்பாக இருந்த நாட்களிலெல்லாம், சமாளித்துக்கொள்கிறார் என்று நினைத்திருக்கிறேன். குழந்தை பிறந்து, வீடு கட்டி, எல்லாம் ஆன பிறகும் அடியில் எங்கோ அந்த நினைப்பு இருந்தது.

இதை அவரிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ அப்படியா நினைச்ச" என்றார். "முப்பத்தாறு வருஷமா?"

எல்லா நாளும் இல்லை என்றேன்.

அவர் எழுந்து வந்து படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கு அந்தப் படி போதாது. பயணம் வேண்டாம், படகை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று சொன்னேன், மனதாரத்தான் சொன்னேன். அவர் கோபப்பட்டார். அவர் கோபப்பட்டு வெகுகாலம் ஆகிறது. "நீ போகணும்" என்றார். "என்னால வர முடியாது, அரசி. வந்தா ராத்திரி பகலா அந்தப் பொட்டி முன்னாடியே ஒக்காந்திருப்பேன். உனக்குத்தான் பாரம். நான் கரையில இருந்து கேக்கறேன்."

மதியம் வீட்டுக்கு வந்து இருவரும் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினோம். மாலை ஐந்து வரை.

மார்ச் 6

எட்டாம் தேதி வட்டத்தையும் அடித்தேன். புதிய தேதி போடவில்லை. பெர்னதெத்திடம் அவர் வரவில்லை என்று மட்டும் சொன்னேன். இரண்டு பேர் போதுமா என்று அவள் கேட்கவில்லை. காவல் நேரத்தை இரண்டு பேருக்கு எப்படிப் பிரிப்பது என்று உடனே தாளில் எழுத ஆரம்பித்தாள். நான்கு மணி நேரம் அவள், நான்கு மணி நேரம் நான், கபாலி எப்போதும்.

மார்ச் 7

நான் எழுந்தபோது அவர் வீட்டில் இல்லை. பட்டறைக்குப் போனால் வானொலி வேலை முடிந்திருந்தது. மேலே மரச்சட்டம் அடித்துத் திருகுகளை இறுக்கியிருந்தார். வீட்டு மொட்டைமாடியில் கலியமூர்த்தியின் மூங்கில்களை நட்டு இன்னொரு ஏரியல் கட்டப் போகிறாராம். தினம் இரண்டு முறை, காலை ஏழு, மாலை ஆறு, பேச வேண்டும்.

மார்ச் 9

பயிற்சி என்று உட்கார வைத்தார். நானும் பெர்னதெத்தும் பெஞ்சில் மாணவிகள் போல. அவர் எதிரே நின்று, இப்போது பாய்மரம் முறிந்துவிட்டது, கூப்பிடுங்கள் என்கிறார். நான் ஒலிவாங்கியை எடுத்து, "இது பாய்ப்படகு ஆலா" என்று ஆரம்பித்தேன். நிறுத்தினார்.

"பேரு அப்புறம். என்ன ஆச்சுங்கறதும் அப்புறம். எங்க இருக்கீங்க, அத மொதல்ல சொல்லணும். ரெண்டு தரம் சொல்லணும்."

முப்பத்தாறு வருடம் பிள்ளைகளிடம் நான் காட்டிய கடுமை எனக்கே திரும்பி வந்தது. ஏழு தடவை தப்பாகச் சொன்னேன். பெர்னதெத் மூன்றாவது தடவையிலேயே சரி. எட்டாவது தடவை சொன்ன பிறகு, இப்போது தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுவாயா என்று கேட்டார். சொல்வேன் என்றேன்.

மார்ச் 13

காற்று வடகிழக்கிலிருந்து மிதமாக. வானிலை அறிக்கை பத்து நாளைக்குத் தெளிவு. பதினைந்தாம் தேதி காலை பத்தரைக்கு நீர்மட்டம் உயரம். பங்குனி ஒன்று.

நித்திலா ஹைதராபாத்திலிருந்து வந்திருக்கிறாள். படகில் ஏறி ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பார்த்தாள். பிறகு ஒரு அலமாரியில் கடலைமிட்டாய்ப் பொட்டலங்களை அடுக்கினாள்.

மார்ச் 15, கடலில்

பத்து நாற்பதுக்கு முகத்துவாரம் தாண்டினோம். கலியமூர்த்தி தன் ஃபைபர் படகில் எங்களுக்கு முன்னால் ஆழம் பார்த்துக்கொண்டே போனார். அவரும் அதில்தான் இருந்தார். இருபத்துநான்கு வருடத்துக்குப் பிறகு கடலில். இரண்டு கையாலும் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு, முகத்தை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணல் மேட்டைத் தாண்டி அலை பெரிதானதும் அவர்கள் படகு நின்றது. நாங்கள் பாயை ஏற்றினோம். கை காட்டினார். நானும் காட்டினேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இல்லை, சுக்கானைப் பிடித்திருந்ததால் பார்க்க முடியவில்லை.

மாலை ஆறு மணிக்கு இடத்தைச் சொன்னேன், இரண்டு தரம். அவர் திருப்பிச் சொன்னார். சாப்பிட்டாயா என்று கேட்டார். வானொலியில் அதெல்லாம் கேட்கலாமா என்றேன். கேட்கலாம் என்றார்.

மார்ச் 16

வாந்தி. இருவருக்கும். இடம் சொன்னோம்.

மார்ச் 17

கொஞ்சம் தேவலாம். அவல், வெல்லம். நான்கு பக்கமும் தண்ணீர். இங்கே வரைய ஒன்றும் இல்லை என்று நினைத்து இத்தனை வருடம் வெறுமையாக விட்டிருக்கிறேன். நீலம் மணிக்கு மணி மாறுகிறது. காலையில் ஈயம், பத்து மணிக்கு மயில் கழுத்து, மதியம் கண்ணை வைக்க முடியாத வெள்ளி. பறக்கும் மீன் ஒன்று மேல்தளத்தில் விழுந்தது. பெர்னதெத் பொரித்தாள்.

மார்ச் 18

கடலைமிட்டாயில் பாதி தீர்ந்துவிட்டது. குற்றவாளி யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மார்ச் 20

இதை எழுதத்தான் வேண்டும். மதியத்துக்கு மேல் காற்று வடக்கே திரும்பியது. ஆறு நாளாக எதிர்க்காற்றில் இடித்து இடித்துப் போய்க்கொண்டிருந்த படகு, சட்டென்று இடுப்பைத் தளர்த்திக்கொண்டு ஓட ஆரம்பித்தது. கபாலியைக் கழற்றிவிட்டு நானே சுக்கானைப் பிடித்தேன். இவ்வளவு வேகத்தை ஆலா காட்டியதே இல்லை. பெர்னதெத் முன்முனையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டாள். சூரியன் போனது, மேற்கே ஆரஞ்சு போனது.

மணி பார்த்தபோது ஏழேகால்.

ஓடிப் போய்க் கூப்பிட்டேன். வெறும் இரைச்சல். கால் மணி நேரம் கூப்பிட்டேன். அந்த நேரத்தில் அந்த அலைவரிசை எடுக்காது என்று அவரே சொல்லியிருக்கிறார். மின்கலத்தைக் காப்பாற்ற வேண்டும், நிறுத்திவிட்டேன்.

மறந்துவிட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை. சந்தோஷத்தில் மறந்துவிட்டேன்.

மார்ச் 21

காலை ஏழுக்கு இரண்டு நிமிடம் முன்பே போட்டேன். முதல் அழைப்பிலேயே பதில் வந்தது. இடத்தைச் சொன்னேன். அட்சரேகை பதினொன்று டிகிரி மூன்று நிமிடம் வடக்கு, தீர்க்கரேகை எண்பத்தெட்டு டிகிரி நாற்பத்தொன்று நிமிடம் கிழக்கு. இரண்டு தரம். அவர் திருப்பிச் சொன்னார். பிறகு, நேற்று மறந்துபோயிற்று என்று சொன்னேன். மழுப்பவில்லை.

"ஆறு மணிக்குக் கூப்பிட்டேன், வரல" என்றார். "சரி, காத்து நல்லா அமைஞ்சிருக்கும்னு நினைச்சிக்கிட்டேன். சாப்பிட்டு நல்லா தூங்கிட்டேன்."

தொண்டை கட்டியிருந்தது. பாதி வார்த்தை காற்றாக வந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். மோர் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

பெர்னதெத் என்னைப் பார்த்தாள். நான் வரைபடத்தில் இடத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். மாலை ஐந்தே முக்காலிலிருந்து வானொலி முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 23

காற்று குறைந்துவிட்டது. பாய் தொங்குகிறது. துணி துவைத்து, தலைக்கு எண்ணெய் வைத்து, கொண்டுவந்த ஒரே தேங்காயை உடைத்தோம். அவர் குரல் சரியாகிவிட்டது.

மார்ச் 24

காலை ஆறு பத்துக்குப் பெர்னதெத் கூப்பிட்டாள். கிழக்கே, அடிவானத்தின் மேல், மேகம் என்று சொல்லக்கூடிய ஒன்று. அரை மணி நேரத்தில் அது மேகமில்லை என்று ஆயிற்று. நான் சாக்பீஸால் குத்திய புள்ளிகளில் எது அது என்று வரைபடத்தைப் பார்த்துச் சொன்னேன். பெர்னதெத் சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை, பசித்தது.

மார்ச் 25, போர்ட் பிளேர்

தெற்கே தீவுகளுக்கு நடுவிலுள்ள கால்வாயைச் சுற்றிக்கொண்டு வந்து மதியம் ஒன்று இருபதுக்கு நங்கூரம் போட்டோம். பத்து நாள், இரண்டு மணி நாற்பது நிமிடம். கரையில் கால் வைத்ததும் தரை ஆடியது. அதிகாரிகள் தாள்களைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள், மறுபடியும் தாள்களைப் பார்த்தார்கள். ஒருவர் பரமக்குடிக்காரர், டீ வாங்கிக் கொடுத்தார்.

மார்ச் 26

நல்ல தண்ணீரில் குளித்தேன். இரண்டு வாளி.

காலை ஏழு மணிக்கு வானொலிப் பக்கம் கை தானாகப் போனது. கைபேசியே இருக்கிறது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. அவரைக் கூப்பிட்டேன். மாடியில்தான் இருந்தார். ஏரியலை இன்னும் இறக்கவில்லையாம்.

இனி தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிடும், படகு இங்கேயே ஒரு தனியார் படகுத்துறையில் இருக்கட்டும், நானும் பெர்னதெத்தும் விமானத்தில் வருகிறோம், புயல் மாதங்கள் கழிந்ததும் ஜனவரியில் திரும்ப வந்து படகை எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அப்போது வாடைக்காற்று பின்பக்கத்திலிருந்து அடிக்கும், வந்ததைவிடச் சுலபம் என்று விளக்கினேன். எல்லாவற்றுக்கும் உம் கொட்டிக்கொண்டிருந்தார். நித்திலா ஊருக்குப் போய்விட்டாளாம். கலியமூர்த்தி இரண்டு நாளாகப் பட்டறையில் எல்லோருக்கும் எங்கள் இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

வைக்கிறேன் என்று சொன்ன பிறகும் வைக்கவில்லை.

"அரசி, உள்ள வலது பக்கம் மூணாவது படுக்கை ஒண்ணு இருக்கில்ல, சாமானெல்லாம் போட்டு வச்சிருந்தீங்களே. அது எவ்வளவு நீளம்?"

அளந்து சொல்கிறேன் என்றேன். பெர்னதெத் டப்பாக்களையும் கயிறுகளையும் எடுத்து வெளியே வைத்தாள். டேப்பை ஒரு முனையில் அவள் பிடித்துக்கொண்டாள். ஆறடி இரண்டு அங்குலம். அவர் உயரம் ஐந்தடி ஒன்பது.

எண்ணைச் சொன்னேன். எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, எனக்காகவே, திருப்பிச் சொன்னார்.